சாய்வுப் பலகை ஜன்னல்

அந்த ஜன்னலின் பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் வந்ததா, இல்லையா என்று எனக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. வந்தது என்றுதான் பெரும்பாலும் நினைவிருக்கிறது. டியூப் லைட்டுக்குக் கீழே அதைப் பிடித்தபோது என் உள்ளங்கையில் மெல்லிய கோடுகள் விழுந்தன. ஆனால் அவை இடைவெளிகள் வழியே வந்த வெளிச்சமா, அல்லது பிளாஸ்டிக்கின் மினுமினுப்பா என்று யோசிக்கத் தொடங்கினால் கோடுகள் மறைந்து கை மட்டும் மிஞ்சுகிறது. அதை நான் பார்த்ததே கொஞ்ச நேரம்தான். அப்போது அதன் மேல் இவ்வளவு பாரம் இருக்கும் என்று தெரியாது.

நான் சொல்வது பொம்மைக் கட்டடத்துக்கான ஒரு சின்ன ஜன்னலைப் பற்றி. உள்ளங்கை அளவுதான் இருக்கும். வெளிநாடுகளில் வீட்டுத் தோட்டத்திலேயே ஓட விடுகிற பெரிய அளவு மாதிரி ரயில்கள் உண்டு. அவற்றுக்கான ஸ்டேஷன் கட்டடங்களில் பொருத்துவதற்கென்று ஒரு கம்பெனி வார்த்த பழுப்பு நிறப் பிளாஸ்டிக் ஜன்னல் அது. சட்டத்துக்குள் வரிசையாகச் சாய்ந்த பலகைகள், காற்று வரும், மழை வராது என்கிற மாதிரி. கம்பெனி அதை நிறுத்தி வெகு காலமாகியிருந்தது.

நான் அப்போது ஓசூரில் சகாயநாதன் சார் வீட்டு மாடியில் குடியிருந்தேன். சிப்காட்டில் கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் புத்தகமும் நானும்தான். சகாயநாதன் சார் ஒரு பெரிய தொழிற்சாலையின் டூல் ரூமில் அச்சு செய்து ஓய்வு பெற்றவர். என்னைப் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்.

"நீ மேல இருக்கியா இல்லியான்னே தெரியல தம்பி. நல்லது. அப்புடியே இரு."

அவருடைய மனைவி மேரிராணி அம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். மகள் ஜெசி கல்யாணமாகி பெங்களூரில் இருந்தாள். மகன் எட்சன் நான் குடிவருவதற்கு முன்பே இறந்துவிட்டான். கூடத்தில் அவன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள்; சின்ன மின்விளக்கு ஒன்று எந்நேரமும் எரியும். அதைப் பற்றி அவர்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

எட்சனின் அறையில் ஒரு நீள மேசை இருந்தது. மேசைமேல் சார் பாதி கட்டியிருந்த ஒரு மாதிரி ஸ்டேஷன். செங்கல் செங்கலாகக் கீறிய சுவர், பிளாட்பாரம், அதன் ஓரத்தில் இரண்டு வரிசைத் தண்டவாளம். ரயில் மட்டும் கிடையாது. பக்கத்து வீட்டுத் திம்மராயன், சாரோடு ஒன்றாக வேலை பார்த்தவர். வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்து வேண்டுமென்றே கன்னடத்தில் கேட்பார்.

"ரயிலு பந்த்தா சகாயம்?"

"வரும் வரும். உனக்கு டிக்கெட் கெடையாது."

"நான் என்னாத்துக்கு டிக்கெட் எடுக்கப் போறன்? ரிட்டையர் ஆனவனுக்கு எந்த ஊருல என்னா வேலை?"

சார் சிரிப்பார். திம்மராயன் போனதும் அந்தச் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், எடுத்துவைக்க மறந்த பாத்திரம் மாதிரி.

அது எந்த ஸ்டேஷன் என்று ஒரு மழைநாளில் அவரே சொன்னார். சாமல்பட்டியைத் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே மேரிராணி அம்மாவின் தங்கை வீடு இருக்கிறது. கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டு மூன்று பேரும் சாயங்கால வண்டிக்காகக் காத்திருந்தார்கள். அம்மா பின்பக்கம் குழாயில் கை கழுவப் போயிருந்தார். சார் உள்ளே, காத்திருப்பு அறை பெஞ்சில். எட்சன் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்து போனான்; அங்கே ஜனங்கள் குறுக்கே இறங்கிப் போகிற ஒரு தடம் உண்டு. எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒரு சரக்கு ரயில் வந்தது.

"நான் பாக்கல தம்பி. பாத்திருந்தா ஒரு சத்தம் போட்டிருப்பன்ல?"

முதல் வருட நினைவுப் பூசை முடிந்து வீடு திரும்பியபோது மேரிராணி அம்மா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாராம். 'ஜன்னல் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க.' அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. எட்சனின் அறைக்குள் வருவதையும் நிறுத்திவிட்டார். சாப்பாடு போடுவார், மாத்திரை எடுத்துக் கொடுப்பார், சாயங்காலம் ஜெபமாலை சொல்லும்போது பக்கத்தில் உட்காருவார். ஆனால் சாரின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. குடிவந்த நாளிலிருந்து நான் பார்த்திருக்கிறேன். அது அவர் சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

சார் மறுபடி அந்த ஸ்டேஷனுக்குப் போனபோது பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல்களாவது கிடைக்குமா என்று அலைந்திருக்கிறார். ஊரில் யாரோ எடுத்துப்போய் அடுப்பெரித்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு புகைப்படம். அதில் ஜன்னல் ஒரு சாம்பல் நிறக் கட்டம். பலகைகள் இருப்பது தெரிகிறது, எவ்வளவு சாய்வு என்பது தெரியவில்லை.

"இதே ஜன்னல் அந்தக் கம்பெனி கேட்லாக்ல இருக்குது. அதே பலகை, அதே சாய்வு. பாத்ததும் கண்டுபுடிச்சிட்டன்" என்றார்.

"எதுக்கு சார் அதைத் தேடிக்கிட்டு? நீங்களே மரத்துல சீவி ஒட்டிடலாமே. உங்களுக்கு ஒரு நாள் வேலை."

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"நான் செஞ்சா எனக்கு வேணும்ங்கிற சாய்வுல செஞ்சதா ஆயிடும். அவ அதைத்தான் சொல்லுவா. வேற எவனோ, என்னைத் தெரியாதவன், செஞ்சதா இருக்கணும்."

அப்போதுதான் எனக்கு அந்த மேசை புரிந்தது. பெஞ்ச், ஜன்னல், பிளாட்பாரத்தின் கடைசி. பெஞ்சில் உட்கார்ந்தவனின் கண் உயரத்தில், பின்சுவரில் ஒரு துளை போட்டு வைத்திருந்தார். கட்டடம் முடிந்ததும் மேரிராணி அம்மா அந்தத் துளையில் கண் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கிருந்து தெரியாது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

"தெரிஞ்சுதுன்னா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

வெளியே மழைத்தண்ணீர் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"தலையத் திருப்பினனா இல்லியான்னே எனக்கு ஞாபகம் இல்ல தம்பி. பேப்பர் படிச்சிட்டு இருந்தன். அதுல என்னா போட்டிருந்துச்சுன்னுகூட ஞாபகம் இருக்குது. இது இல்ல. அங்கிருந்து தெரியாதுன்னு ஆயிட்டா, நான் பாக்கலன்னு ஆயிடும்ல?"

ஜன்னலைத் தேடுவதில் நானும் சேர்ந்துகொண்டேன். மாதிரி ரயில் வைத்திருப்பவர்கள் ஊருக்கு ஒருவர் இருவர் என்று இருக்கிறார்கள். ஒருவரைப் பிடித்தால் அவர் இன்னொருவரைக் காட்டுவார். பெங்களூரில் இதற்கென்று இருந்த ஒரு கடை செல்போன் கடையாகிவிட்டிருந்தது. வெளிநாட்டுத் தளங்களில் அந்தப் பாகத்தின் எண்ணுக்கு நேரே இப்போது கிடைக்காது என்ற ஒரு வரிதான். கடைசியில் ஜோலார்பேட்டையில் கமலக்கண்ணன் என்று ஒருவர் கிடைத்தார். போனை ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினோம்.

"சார், அந்த ஜன்னலா? அச்சையே ஒடைச்சுப் போட்டுட்டாங்கன்னு சொல்றாங்க. எல்லாரும் அதைத்தான் தேடுறாங்க. எனக்கு வீட்டுல கஞ்சி ஊத்துறதையே நிறுத்திட்டாங்க இதால."

"ஒண்ணு கூடவா இல்ல?"

"இருங்க. எங்கிட்ட ஒரு கூட்ஸ் ஷெட் மாடல் இருக்குது, பூனை ஏறிப் படுத்து ஒடைஞ்சது. அதுல ஒண்ணு முழுசா இருக்குது. பேத்து அனுப்புறேன். உங்களுக்கு எத்தனை வேணும்?"

"முன்னாடி வரிசைக்கே நாலு வேணும்."

"அப்ப ஒண்ணை வச்சு வார்த்துக்கங்க. நகல் எடுக்கத் தெரிஞ்ச ஆள் இருக்குதா?"

சார் என் பக்கம் திரும்பினார். "கூடவே குடியிருக்குது" என்றார்.

ஒரு ஜன்னல் போதாதா, பெஞ்சுக்கு எதிரே உள்ளது மட்டும்தானே வேண்டும் என்று நான் கேட்டேன். சார் ஒப்புக்கொள்ளவில்லை. மற்ற ஜன்னல்கள் காலியாக இருந்தால் அது ஸ்டேஷனே இல்லை, அவள் உள்ளே நுழையும்போதே நம்பமாட்டாள் என்றார்.

பார்சல் வந்த காலையில் அவர் பூசைக்குப் போயிருந்தார். நான் ஷிப்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். மேரிராணி அம்மா கூரியர்காரரிடம் வாங்கி, படிக்குக் கீழே நின்று கத்தரிக்கோலால் பிரித்தார். பஞ்சுக்குள்ளிருந்து ஜன்னலை எடுத்துக் கொஞ்ச நேரம் விரலால் தடவினார். பிறகு அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கொல்லைப்புறத்தைப் பார்த்தார். அங்கே கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"கொடி தெரியுது" என்றார்.

என்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அப்படித்தான் சொன்னாரா, அல்லது பின்னால் நடந்ததற்கு ஏற்ப நானே அவர் வாயில் வைத்துக்கொண்டேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஜன்னலை மறுபடி பஞ்சில் சுற்றி அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் வார்க்க உட்கார்ந்தோம். வேலை கஷ்டமானதல்ல. ஒரு சின்னப் பெட்டியில் அசலைப் படுக்க வைத்து மேலே திரவ ரப்பரை ஊற்ற வேண்டும். அது இறுகியதும் அசலை எடுத்துவிட்டால் உள்ளே அதன் பள்ளம் இருக்கும். அதில் ரெசின் என்கிற, ஊற்றினால் இறுகும் பிளாஸ்டிக் திரவத்தை ஊற்றினால் நகல். ரப்பர் அசலின் ஒரு கைரேகையைக்கூட விடாது. அசலில் இருப்பது அப்படியே நகலில் வரும்.

ஜன்னலை டியூப் லைட்டில் பிடித்துப் பார்த்துவிட்டு அவரிடம் கொடுத்தேன். பெட்டியின் ஓரங்களை ஒட்டச் சொன்னார், ஒட்டினேன். பிறகு அவருக்கு முதுகு காட்டி ரப்பரையும் அதை இறுக வைக்கும் திரவத்தையும் கலக்க ஆரம்பித்தேன். குமிழ் வராமல் மெதுவாகக் கலக்க வேண்டும். பாதியில் தின்னர் வாசனை வந்தது.

திரும்பினேன். அவர் ஒரு துணியைத் தின்னரில் நனைத்து ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுத்தி, மூலை விடாமல், ஒரு எஃகு அச்சை வேலைக்கு முன் துடைக்கிற மாதிரி. டூல் ரூமில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அப்படித்தான். கையில் எது வந்தாலும் முதலில் தின்னர் போட்டு எண்ணெய் எடுப்பார்கள். எங்கள் கம்பெனிக்கு அங்கிருந்து வருகிற ஆட்களிடம் நாங்கள் முதலில் சொல்வதே, பிளாஸ்டிக்கில் தின்னர் படக் கூடாது, இளகிவிடும் என்பதுதான்.

"சார், அது பிளாஸ்டிக்."

அவர் கை நின்றது. ஜன்னலைத் துணியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. சட்டத்தின் மேல் பளபளப்புப் போயிருந்தது. பலகைகள் ஈரத்தில் இளகி, ஒன்றின் மேல் ஒன்று தொய்ந்து படிந்திருந்தன. உடையவில்லை. ஒரு கோடுகூட அழியவில்லை. பார்த்தால் ஜன்னல்தான். ஆனால் முதலிலேயே அவ்வளவு நெருக்கமாகத்தான் இருந்தனவா, இப்போது நெருங்கினவா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அளவுகோல் வைத்துப் பார்க்கவில்லை. ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

"கைப் பழக்கம்" என்றார்.

அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் அதிர்ச்சி இருந்தது. அது துடைத்ததற்கான அதிர்ச்சியா, நான் திரும்பிப் பார்த்ததற்கானதா என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவருக்கே தெரிந்திருக்குமா என்றும் தெரியவில்லை.

"கமலக்கண்ணன்கிட்ட இன்னொண்ணு கேக்கலாமா சார்?"

"இல்லன்னாரே." ஜன்னலைக் காற்றில் அசைத்து உலர்த்தினார். "ஒண்ணும் ஆவல. இருக்குற மாதிரிதான் இருக்குது. ஊத்து தம்பி, கலந்தது எறுகிடும்."

கலந்த ரப்பர் இறுகிக்கொண்டுதான் இருந்தது. ஊற்றினேன்.

முதல் நகல்களில் குமிழ் விழுந்து பலகைகள் அரித்த மாதிரி வந்தன. அவற்றைத் தூக்கிப் போட்டோம். ரெசினைக் கொஞ்சம் சூடுகாட்டி, பெட்டியை மேசையில் தட்டித் தட்டி ஊற்றிய பிறகு நல்லதாக வந்தது. நாலையும் அரம் வைத்துத் தேய்த்து, பச்சை வண்ணம் அடித்து, சுவரில் பொருத்தினார். பொருத்தி முடித்தபோது எனக்கு உண்மையிலேயே ஒரு ஸ்டேஷன் முன்னால் நிற்பது போல இருந்தது. காக்கை கத்துவதுகூடக் கேட்கும் போலிருந்தது. பிளாட்பாரத்தின் கடைசியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சின்ன உருவத்தை நிறுத்தினார். அதற்கு முகம் வரையவில்லை. துளையில் தானே கண் வைத்துப் பார்ப்பார் என்று காத்திருந்தேன், பார்க்கவில்லை.

"அவ மொதல்ல பாக்கட்டும்."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மேரிராணி அம்மாவைக் கூப்பிட்டார். பூசைக்குக் கட்டிய சேலையோடு அந்த அறை வாசலில் வந்து நின்றார். நான் நகர்ந்துபோகப் பார்த்தேன்.

"நீயும் இரு தம்பி" என்றார் சார். "ராணி, இங்க வந்து பாரு. பெஞ்சு இது. இங்கதான் உக்காந்திருந்தன். இந்த ஓட்டையில பாரு."

அம்மா உள்ளே வந்தார். மேசையை முதலில் முழுவதும் பார்த்தார். பிளாட்பாரம், குழாய், புளியமரம். வெள்ளைச் சட்டையிடம் வந்ததும் பார்வை நின்றது, பிறகு விலகியது. கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தார். ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அப்படியே இருந்தார். சாரின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது.

"என்னா தெரியுது?"

"பலகை தெரியுது."

"அதுக்கு அந்தாண்ட?"

அம்மா துளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ராணி."

"ஒண்ணியும் தெரியலங்க" என்றார். நிமிர்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, என்னிடம் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு சாரின் முகத்தை நேராகப் பார்த்தார். நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக. "நீங்க சொன்னது சரிதான். அங்கிருந்து தெரிஞ்சிருக்காது."

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா வாசலுக்குப் போய், அங்கே நின்று கொல்லைப்புறத்தைப் பார்த்தார்.

"துணி காஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கொடியை நோக்கிப் போனார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு வந்தது. அம்மா சாரிடம் உப்புக் குறைவா என்று கேட்பார். ஜெசி போன் பண்ணினால் சாரையும் கூப்பிட்டுக் கொடுப்பார். மோரில் கொத்தமல்லி போட்டு அவர் கையில் கொண்டுவந்து கொடுப்பார். வார்டில் படுத்திருப்பவரிடம் பேசுகிற குரல் அது என்று எனக்குத் தோன்றும். சாருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

ஒரு சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நான் ஷிப்ட் முடிந்து வந்து, அவருக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தேன். தெருவில் கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. இருட்டத் தொடங்கியபோதுதான் கேட்டார்.

"அவ ஏன் ஒடனே ஒத்துக்கிட்டா தம்பி?"

நான் செருப்பைக் கழற்றிப் படி ஓரத்தில் வைத்தேன்.

"அவ அப்புடி ஒத்துக்குற ஆள் கெடையாது. முப்பத்தஞ்சு வருஷமா ஒரு கத்திரிக்காய் முத்தலுன்னு ஒத்துக்கிட்டதில்ல. சண்ட போட்டிருந்தான்னா நம்பியிருப்பன்."

"நீங்க பாத்தீங்களா சார், ஓட்டையில?"

"பாத்தன். தெரியல." கொஞ்சம் பொறுத்து, "நீ அதை லைட்ல புடிச்சுப் பாத்தியே. அப்ப எப்புடி இருந்துச்சு?" என்றார்.

"ஞாபகம் இல்ல சார்."

அது பொய் இல்லை. அன்றைக்கே எனக்கு அது கலங்கிப்போயிருந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. ஞாபகம் இருந்த ஒருவர் உள்ளே விளக்கேற்றிக்கொண்டிருந்தார். ஜெபமாலைக்குச் சாரைக் கூப்பிடும் குரல் கேட்டது. எழுந்து போனார்.

அடுத்த தவக்காலத்தில் சகாயநாதன் சார் மாரடைப்பில் இறந்தார். எட்சனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். மேரிராணி அம்மா வீட்டை விற்றுவிட்டு பெங்களூரில் ஜெசியோடு இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு எனக்குப் போன் செய்வார், ஜன்னலைப் பற்றிப் பேசியதில்லை. கமலக்கண்ணன் மேசையையும் தண்டவாளத்தையும் எடுத்துக்கொண்டார். ஸ்டேஷனைக் கொடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. அதைப் பிரித்து, நாலு ஜன்னலையும் அவரே கழற்றி, குப்பை வண்டியில் போட்டார். திம்மராயன் அதே வீட்டில் இருக்கிறார், காது கேட்பதில்லை. நான் கெலமங்கலம் ரோட்டில் ஒரு அறைக்கு மாறிவிட்டேன், அதே கம்பெனிதான். அசல் ஜன்னல் என்னிடம் இருக்கிறது. அதன் வழியாகப் பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை.